வடிகட்டியில் ஒரு தீவு

ஒன்பது பேர். ஸ்நார்க்கல் முகமூடிகள் எட்டு.
காலையிலிருந்து இந்தக் கணக்கு உதைக்கிறது.

டுமகேத்தேயில் எங்கள் சலவைக் கடை
நாளை ஒருநாள் திறக்காது.
'இயந்திரம் பழுது' என்று
கதவில் எழுதி ஒட்டிவிட்டான் ஜுன்ரே.
'கடலுக்குப் போகிறோம்' என்றால்
யார் நம்புவார்கள் என்கிறான்.

பதினோரு வருடமாக
ஆப்போ தீவு எங்களிடம் வந்துகொண்டிருக்கிறது,
கரண்டி கரண்டியாக.
வெளியூர்க்காரர்களின் கால்சட்டைப் பைகளில்,
துவாலை மடிப்பில்,
நீச்சலுடையின் இடுப்பு நாடாவில் ஒளிந்து வந்து
மூன்றாம் எண் இயந்திரத்தின் வடிகட்டியில் இறங்கிவிடும்.
வெள்ளை மணல். நொறுங்கிய சிப்பி.
ஒரு மயோனைஸ் பாட்டில் நிறையச் சேர்த்திருக்கிறேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
கொட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வாரம் ஐம்பது பெசோ. சீட்டுப் பிடித்தது நான்.
வில்ஃப்ரீடா இரண்டு வாரம் பாக்கி;
கேட்டால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறாள்.
படகுக்கார நோனோய் போனில் மூன்றே கேள்விதான் கேட்டார்:
எத்தனை பேர்,
ஆளுக்கு எவ்வளவு எடை,
யார் யாருக்கு நீந்தத் தெரியாது?
யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள்,
பதில் சுலபம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மிதவைச் சட்டை ஒன்பது என்று
அவர் முணுமுணுத்து எழுதுவது கேட்டது.

சன்ஸ்கிரீன் பூசக்கூடாது, பவளத்துக்கு ஆகாதாம்.
வெயிலுக்கு முழுக்கைச் சட்டை வேண்டும்.
யாரும் வாங்க வராத துணிக்கூடையைக் கவிழ்த்தோம்.
கிறிஸ்பினாவுக்குக் கிடைத்ததில்
மார்பு முழுக்கச் சுறாவின் பல்.
போட்டுப் பார்த்துவிட்டுக்
கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

இரவு ஷட்டரை இறக்கிவிட்டு
ஊறப்போடும் தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்தோம்,
ஒவ்வொருவராய் முகத்தை முக்கிப் பழக.
கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவினால்
ஆவி படியாதாம்.
"எச்சிலா!" என்று
முப்பது வருடம் கறை எடுத்த கிறிஸ்பினா
சோப்பைத் தேடினாள்.
குழாயைக் கடிக்கப் பழகிவிடலாம்.
மூக்கை மறப்பதுதான் கஷ்டம்.
ஐம்பது கிலோ ஈரத்துணியை
ஒற்றை ஆளாய்த் தூக்குகிற தியோஃபிலோ
ஒரு சாண் தண்ணீரில்
மூன்றாம் மூச்சில் துள்ளி எழுந்தான்.
இருமி, கண் சிவந்து,
"நான் படகைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றான்.
கணக்கு நேராகிவிட்டது, எட்டுக்கு எட்டு.
எனக்குத்தான் பென்சிலை வைக்க மனமில்லை.

பிறகு என் முறை.
தொட்டியின் அடியில் ஒரு பித்தளைப் பொத்தான்,
சுருண்ட நூல், துருவின் ஒரு கோடு.
எல்லாம் பெரிதாய், கிட்டத்தில்.
இத்தனை நாள் கைவிட்டுத் துழாவிய இடத்தை
இன்றுதான் பார்க்கிறேன்.
காதுக்குள் என் மூச்சு,
ஏதோ கனத்த விலங்கொன்று
பக்கத்தில் படுத்திருப்பதுபோல.

ஓலைக்கூட்டில் வெந்த சோறு இருபத்தேழு,
கருவாடு, வினிகர், தண்ணீர் கேன்.
மணல் பாட்டிலையும் கொண்டுபோய்க்
கொட்டிவிடலாம் என்றான் ஜுன்ரே.
"மோந்து பார், லாவெண்டர் வாசனை,
மீன் தும்மும்" என்றாள் அனாலின்.
பாட்டில் அலமாரிக்கே திரும்பியது.
முகமூடிகளைக் கொடியில் மாட்டி
கிளிப் போட்டுவிட்டுக் கலைந்தோம்.

பாதி வழியில் சாவி நினைவு வந்து திரும்பினால்
பின்கட்டில் விளக்கு.
கொடியில் ஏழு.
தொட்டி விளிம்பைப் பிடித்தபடி
தியோஃபிலோவின் அகன்ற முதுகு,
அதற்கு மேலே ஆடாமல் நிற்கும் ஆரஞ்சுக் குழாய்.
இருட்டில் நின்று எண்ணினேன்.
நான்கு. ஐந்து. எழுந்தான், துடைத்தான், மறுபடி குனிந்தான்.
ஒன்பது. பத்து. பதினொன்று.

சாவியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஐந்தரைக்குச் சந்தை திறக்கும்.
முகமூடி நூற்றெண்பது பெசோ.
நூறை வில்ஃப்ரீடா தரவேண்டும்,
அவள் இஸ்திரிப் பெட்டியை எவ்வளவு உயரம் தூக்கினாலும்.